உம் கொட்டுகிறவர்தான் கதையை நடத்துகிறார்

கேள்வி இதுதான்: "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொற்களுக்கு 7 சதவீதம்தான் என்று எங்கள் அலுவலகப் பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா? ஒருவர் கையை எப்படி வைத்திருக்கிறார், எங்கே பார்க்கிறார் என்பதை வைத்து அவர் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா? அன்றாடம் நாம் பழகுவதில் இதெல்லாம் எவ்வளவு வேலை செய்கிறது?"

நான் செவிலியர். 22 வருடம் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது செவிலிய மாணவிகளுக்கு, நோயாளிகளோடு எப்படிப் பேசுவது என்பதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் என் உதாரணங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருந்துதான் வரும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சுருக்கம்: அந்த 93 தவறாகப் பரவிய கணக்கு, உடலைப் பார்த்து மனதைப் படிப்பது நாம் நம்புகிற அளவுக்கு நடக்காது. மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. உடல்மொழி என்றதும் எல்லோரும் பேசுகிறவரையே உற்றுப் பார்க்கிறார்கள். நான் பார்த்த வரையில் அது அதிகம் வேலை செய்வது கேட்கிறவரிடம்.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1967-இல் சகாக்களோடு சேர்ந்து இரண்டு சிறிய ஆய்வுகளை வெளியிட்டார். ஒன்றில் 'நன்றி', 'பயங்கரம்', 'ஒருவேளை' என்பது போன்ற ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். பேசுகிறவருக்குக் கேட்கிறவர் மேல் பிரியம் இருக்கிறதா, வெறுப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். இன்னொன்றில் 'ஒருவேளை' என்ற ஒரே சொல். அதோடு வெவ்வேறு முகங்களின் புகைப்படங்கள். இரண்டின் முடிவுகளையும் இணைத்துத்தான் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற கணக்கு வந்தது. சொல் ஒன்றும் முகம் வேறொன்றுமாக இருக்கும்போது, 'இவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா' என்பதை மக்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது மட்டுமே அங்கே அளக்கப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார்.

'காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, ராத்திரி பாதி' என்று ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்கிறோம். இதில் ஒரு சொல் மாறினால் உயிருக்கு ஆபத்து. எவ்வளவு கனிவான முகமும் அந்தப் பிழையைச் சரிசெய்யாது. ஆகவே சொற்களுக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் அந்த ஆய்வு தொட்ட இடம் பொய்யில்லை. வாசலில் நின்று 'வாங்க' என்கிறார்கள். அதில் வரவேற்பு இருக்கிறதா என்பது செருப்பைக் கழற்றுவதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே சொல்லுக்கு வேலை இல்லை.

இரண்டாவது கேள்வி, மனதைப் படிப்பது. பொய்யைக் கண்டுபிடிக்கிற திறமையை வைத்து இதை நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். 2006-இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 24,000-க்கும் அதிகமானவர்கள் கொடுத்த தீர்ப்புகள். சராசரியாகச் சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். கண்ணைப் பார்க்காதவர் பொய் சொல்கிறார், மூக்கைத் தொடுகிறவர் எதையோ மறைக்கிறார் என்ற நம்பிக்கைகளின் பலம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உடல் அசைவு எல்லாமே அடுத்தவருக்கான செய்தி கிடையாது. 1998-இல் ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இரு ஆய்வாளர்கள், பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகள் பேசும்போது கைகளை அசைக்கிறார்கள் என்று காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் யாருடைய கையசைவையும் பார்த்ததே இல்லை. கேட்கிறவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்த பிறகும் அவர்கள் கை அசைந்தது. ஃபோனில் வழி சொல்லும்போது நாமும் 'இப்படிப் போய் இப்படித் திரும்பு' என்று காற்றில் கையைத் திருப்புகிறோமே, அதுவும் இதுதான். கை நமக்காகவும் பேசுகிறது, யோசிக்க உதவுகிறது. அதைப் பார்த்து ஒருவரின் குணத்தைத் தீர்மானிப்பது நியாயமில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துத் தயாரித்த பயிற்சிகளில், மார்புக்குக் குறுக்கே கை கட்டுகிறவர் உங்களை ஏற்க மறுக்கிறார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி அப்படிப் படித்துவிட்டு வந்து, 'அந்த பெட் தாத்தா நம்ம மேல கோபமா இருக்கார் மேடம்' என்றாள். போய்ப் பார்த்தேன். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்று கட்டிலை விட்டு இறங்கி, கை கட்டி, தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கி நின்றுகொண்டிருந்தார். கோபத்தின் அடையாளமே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு முன்னாலும், ஊர்ப் பெரியவருக்கு முன்னாலும் நிற்கப் பழகிய உடம்பு அது. அந்தப் பழக்கத்தில் மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

எங்கள் ஆச்சி கதை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போடுவாள்: உம் கொட்ட வேண்டும். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா.' உம். 'அவருக்கு மூணு பிள்ளை.' உம். எங்கள் உம் நின்றால் கதையும் நின்றுவிடும். 'தூங்கிட்டியளா?' என்று கேட்பாள். பதில் வராவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவாள், ராஜா காட்டிலேயே கிடப்பார். பயந்து போன இடத்தில் எங்கள் உம் தாழ்ந்தால், அவள் பேயை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவருவாள். ஆர்வம் குறைந்தால் இரண்டு பிள்ளைகளின் கதையைத் தாண்டி மூன்றாமவனிடம் போய்விடுவாள். தெற்கே வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். முன்னால் இருந்து பாடுகிறவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். அந்த 'ஆமா'வில் பொருள் என்று எதுவும் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு ஓடாது.

2000-இல் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸும் அவர் குழுவும் கிட்டத்தட்ட ஆச்சியின் நிபந்தனையையே சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர், தான் மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எதிரே ஒருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: பேசுகிறவர் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் காதை நன்றாகத் தீட்டித்தான் கேட்டார்கள், ஒரு சொல்லையும் விடாமல். ஆனால் கதையைக் கேட்கவில்லை. பதற வேண்டிய இடத்தில் அவர்கள் முகம் பதறவில்லை, 'ஐயோ' வரவில்லை. விளைவு, கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள். அதுவும் கதையின் உச்சத்தில், முடிவில். முடித்ததையே திரும்ப முடித்தார்கள். இது ஏன் ஆபத்தாக இருந்தது என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்கிற திறமை அவர்களிடம் இருந்தது. கேட்கிறவரின் முகம் இல்லாமல் அது வேலை செய்யவில்லை.

இந்த ஆய்வை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் கேஸ் ஷீட். ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக் கட்டத்தில் நிரப்புகிறோம். பொத்தானை அழுத்தியவர்கள் செய்ததும் அதுதானே.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அறுபது வயதுக்கு மேலான ஒரு அம்மா, சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். இரண்டு மாதத்தில் இரண்டாவது முறை சேர்ந்திருந்தார். மாணவி கட்டிலின் கால்மாட்டில் நின்று, அட்டையை நெஞ்சோடு பிடித்து எழுதிக்கொண்டே கேட்டாள். "வலி இருக்காம்மா?" "இல்ல." "ஊசி ரெண்டு வேளையும் போடுறீங்களா?" "போடுதேன்." "வேற ஏதாவது?" "ஒண்ணுமில்ல தாயி." இரண்டு நிமிடத்தில் கட்டங்கள் நிரம்பிவிட்டன. சர்க்கரை அளவு மட்டும் அந்தப் பதில்களோடு ஒத்துப்போகவில்லை.

அட்டையைக் கீழே வைக்கச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைமாட்டுக்குப் பக்கமாக உட்காரச் சொன்னேன். அதே கேள்வியைக் கேள், பதில் வந்ததும் அடுத்த கேள்விக்கு ஓடாதே, உம் கொட்டிவிட்டுக் கொஞ்சம் இரு என்றேன். அவள் அப்படியே செய்தாள். "ஊசி ரெண்டு வேளையும் போடுறீங்களாம்மா?" "போடுதேன்..." மாணவி தலையசைத்தாள், எழுதவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை. இரண்டு மூச்சு நேரம் போயிருக்கும். அந்த அம்மா சேலைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றினார். "காலையில தவறாமப் போட்டுருவேன். ராத்திரிதான்..." வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மருந்துக் குப்பி பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. அந்த வீட்டு மருமகள் கதவைத் திறக்கும்போது முகம் சரியில்லை. அதனால் ராத்திரியில் போய்த் தட்டுவதில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்காகக் கால் போயிருக்கும்.

இந்தச் சின்னக் கதையில் உடல்மொழி எங்கெங்கே வேலை செய்திருக்கிறது என்று பாருங்கள். நெஞ்சோடு பிடித்த அட்டை ஒரு வாயை மூடியது. ஒரு ஸ்டூலும் இரண்டு மூச்சு நேரமும் அதைத் திறந்தன. பக்கத்து வீட்டு மருமகளின் முகம் ஒரு ஊசியை நிறுத்தியது. அந்தப் பெண் 'வராதீங்க' என்று ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாள். ராத்திரி சமையல் முடித்த அலுப்பாகக்கூட இருந்திருக்கலாம். அவள் மனதில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது. அந்த முகம் என்ன செய்தது என்பது தெரியும். உடல்மொழியை நான் இப்படித்தான் பார்க்கச் சொல்வேன்: இவர் என்ன நினைக்கிறார் என்று துப்புத் துலக்குவதைக் காட்டிலும், என் நிற்பும் பார்வையும் இவரை எதைச் சொல்ல விடுகிறது, எதைச் சொல்லவிடாமல் செய்கிறது என்று.

உட்காருவதைப் பற்றி அழகான ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், முதுகுத்தண்டு அறுவை முடிந்த 120 நோயாளிகளைப் பார்க்க ஒரே மருத்துவர் போனார். சிலரிடம் நின்றபடி பேசினார், சிலரிடம் உட்கார்ந்து பேசினார். நின்றபோது உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 1 நிமிடம் 28 விநாடி. உட்கார்ந்தபோது இன்னும் குறைவு, 1 நிமிடம் 4 விநாடி. ஆனால் நோயாளிகளிடம் கேட்டபோது, நின்ற மருத்துவர் 3 நிமிடம் 44 விநாடி இருந்ததாகவும், உட்கார்ந்த மருத்துவர் 5 நிமிடம் 14 விநாடி இருந்ததாகவும் அவர்கள் கணித்தார்கள். 'நேரம் இல்லை' என்பது எங்கள் தொழிலில் தினமும் சொல்லப்படும் வார்த்தை. அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஒரு செவிலியருக்கு எத்தனை கட்டில் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஆய்வு எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. அது கூடுதல் நேரம் கேட்கவில்லை, உட்காரத்தான் சொல்கிறது. நின்றுகொண்டு பேசுகிறவரின் கால்கள் ஏற்கனவே கிளம்பிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் நோயாளி தன் பேச்சைச் சுருக்குகிறார்.

குரலுக்கும் இப்படி ஒன்று உண்டு. நளினி அம்பாடி என்ற உளவியலாளர், இந்தியாவில் பிறந்தவர், 2002-இல் சகாக்களோடு செய்தது. அறுவை மருத்துவர்கள் நோயாளிகளோடு பேசிய பதிவுகளில் இருந்து 10 விநாடித் துண்டுகளை எடுத்து, சொற்கள் புரியாதபடி மழுக்கி, தொனி மட்டும் கேட்கும்படி செய்தார்கள். அதைக் கேட்டவர்கள் எந்தக் குரலில் அதிகாரம் அதிகமாகவும் அக்கறை குறைவாகவும் இருப்பதாகச் சொன்னார்களோ, அந்த மருத்துவர்கள் மேல் முன்பே நோயாளிகள் வழக்குப் போட்டிருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

அப்புறம் நேரம். பேச்சில் இடைவெளி எவ்வளவு என்பதை நாம் கவனிப்பதே இல்லை, ஆனால் அது நம்மை ஆட்டிவைக்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் தலைமையில் 2009-இல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாகச் சுமார் 0.2 விநாடி. எல்லோரையும்விட நிதானமாகப் பதில் சொன்ன டென்மார்க்காரர்களும் அரை விநாடிக்குள் தொடங்கிவிட்டார்கள். ஒரு சொல்லை மனதில் தேர்ந்து வாய்க்குக் கொண்டுவரவே அரை விநாடிக்கு மேல் ஆகும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் முடிப்பதற்கு முன்பே, அவர் குரல் இறங்குவதையும் பார்வை நம் பக்கம் திரும்புவதையும் வைத்து நாம் தயாராகிவிடுகிறோம். இந்த ஓட்டத்தில் ஒரு சின்னத் தாமதம் வந்தாலும் பொருள் மாறிவிடும். 'கல்யாணத்துக்கு வந்துருவீங்கல்ல?' என்று கேட்டு ஒரு விநாடி கழித்து 'வர்றேன்' என்று பதில் வந்தால், அவர் வரப்போவதில்லை என்று பத்திரிகை வைக்க வந்தவருக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன். வார்டில் ஒரு அப்பா என்னிடம் வருத்தப்பட்டார்: 'அவன் முன்ன மாதிரி இல்ல சிஸ்டர். எதக் கேட்டாலும் யோசிச்சு யோசிச்சுப் பேசுறான்.' நெட்வொர்க்கில் குரல் போய்ச் சேரவும் பதில் திரும்பி வரவும் ஆகும் நேரம் அது. 2014-இல் ஜெர்மனியில் செய்த ஓர் ஆய்வில், இணைப்பில் ஒரு விநாடிக்கும் கொஞ்சம் அதிகமான தாமதத்தை வேண்டுமென்றே வைத்தபோது, பேசியவர்கள் குறையை இணைப்பின் மேல் போடவில்லை. எதிரில் இருப்பவருக்குக் கவனம் இல்லை என்று நினைத்தார்கள். இதோடு இன்னொன்று: கேமரா ஃபோனின் மேல்நுனியில் இருக்கிறது, மகனின் முகம் திரையின் நடுவில் இருக்கிறது. அவன் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால், உங்களுக்கு அவன் கண்ணைத் தாழ்த்திப் பேசுவதாகத்தான் தெரியும். தயவுசெய்து அதை வைத்துப் பிள்ளையின் பாசத்தை அளக்காதீர்கள்.

கண்ணைப் பற்றி நேர்காணல் போகும் இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். கண்ணை நேராகப் பார்த்துப் பேசு, அதுதான் தன்னம்பிக்கை என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். பெரியவர்களிடம் பேசும்போது பார்வையைக் கொஞ்சம் தாழ்த்துவதுதான் மரியாதை என்று வளர்ந்த பிள்ளைக்கு இது திடீரென்று வராது; முறைப்பது போல ஆகிவிடும். நான் சொல்வது: அவர் பேசும்போது பாருங்கள், நீங்கள் யோசிக்கும்போது பார்வையை விலக்குங்கள், முடிக்கும்போது திரும்ப அவரைப் பாருங்கள். இயல்பாகப் பேசுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தலை குனிந்து பேசுகிற பிள்ளையைத் திறமையில்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள்.

நம் தலையாட்டலும் அப்படித்தான். இடமும் வலமுமாக மெல்லச் சாய்கிற அந்த அசைவுக்கு 'சரி', 'கேட்கிறேன்', 'புரிகிறது', 'பார்ப்போம்' என்று எத்தனையோ பொருள். வடக்கே இருந்து புதிதாக வந்த ஒரு மருத்துவர், ஊசிக்குச் சம்மதமா என்று கேட்டு, பாட்டியின் தலையாட்டலைப் பார்த்து, மறுக்கிறார் என்று எழுதிவிட்டார். பல்கேரியாவில் நாம் 'இல்லை'க்கு ஆட்டுவது போல ஆட்டினால் 'ஆம்', நிமிர்த்தி ஆட்டினால் 'இல்லை'. முகத்தில் தெரியும் பயம், கோபம் போன்றவை ஊர் தாண்டியும் ஓரளவு புரியும். தலையாட்டல் அந்தந்த ஊரில் கற்றுக்கொள்ள வேண்டியது.

இப்போது, பின்னால் வருகிறேன் என்று சொன்னது. இதை எழுதாமல் உடல்மொழி பற்றி நம் ஊரில் எழுத முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வரிசையில் வருகிறவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறார் ஒருவர். சிலருக்கு உள்ளங்கையில் வைக்கிறார். சிலருக்கு அரை அடி உயரத்தில் இருந்து போடுகிறார், கை கையில் படாமல். 'மூணு வேளை, சாப்பிட்டப்புறம்' என்ற வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றுதான், குரல்கூட ஒன்றுதான். வாங்குகிறவர்கள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து, கொஞ்சம் தாழ்த்தி, கீழே சிந்தாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குழிவில் பல தலைமுறைப் பழக்கம் இருந்தது. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஒருவர் சாதி சொல்லித் திட்டினால் புகார் எழுதலாம், சாட்சி வைக்கலாம். அரை அடி உயரத்தை எப்படி எழுதுவது? டாக்டருக்கு எதிரே ஸ்டூல் காலியாக இருக்கும்போது தரையில் குந்துகிறவரிடம், அவரைத் தரையில் உட்காரச் சொன்னது யார் என்று கேட்டால், யாருமில்லை என்பார். உண்மைதான், யாரும் வாயால் சொல்லவில்லை.

அதனால் என் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது நாடி பிடிப்பது இல்லை, மாத்திரை கொடுப்பது. உள்ளங்கையில் வை. உன் விரல் அவர் கையில் பட வேண்டும். பட்டால் சூடு தெரியும், ஈரம் தெரியும், நடுக்கம் தெரியும். அது மருத்துவத்துக்கும் நல்லது. தரையில் குந்துகிறவரிடம் 'மேலே உட்காருங்க' என்று வாயால் சொன்னால் மட்டும் பல பேர் உட்கார மாட்டார்கள். ஸ்டூலைத் தட்டிக் காட்டி, அவர் உட்காரும் வரை நீயும் உட்காராமல் நில். அப்போது உட்காருவார்கள்.

2020-இல் கொரோனா வார்டில் எங்கள் முகங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. தலை முதல் கால் வரை ஒரே வெள்ளை உடை, யார் யாரென்று தெரியாது. பிளாஸ்டரில் பெயரை எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டோம். உண்மையான சிரிப்பில் உதட்டோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று 1862-இலேயே டூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அந்தச் சுருக்கம் மட்டும்தான் எங்களிடம் மிச்சம் இருந்தது. மூச்சுத் திணறலில் பேச முடியாத ஒருவர், நான் பக்கத்தில் போனதும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். நானும் காட்டுவேன். கையுறைக்குள்ளிருந்து. ஒன்பது நாள் எங்களுக்குள் இருந்த பேச்சு அதுதான். பத்தாம் நாள் அவர் வார்டு மாறிப் போகும்போது, 'உங்க குரல் இப்பதான் கேக்கேன்' என்றேன்.

இதையெல்லாம் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்றும் கேட்பீர்கள். நம் மொழியே அதைச் சொல்லிவிடுகிறது. 'முகம் கொடுத்துப் பேசு' என்கிறோம், 'காது கொடுத்துக் கேள்' என்கிறோம். இரண்டிலும் கொடுப்பது வருகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை வாசலில் இருந்தே ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போது, ஃபோனைப் பார்த்தபடி 'ம்... சொல்லு' என்கிறோமே, அந்தப் பிள்ளை, பொத்தானை அழுத்துகிறவருக்கு எதிரே உட்கார்ந்து கதை சொல்கிறது. நாம் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டிருப்போம். ஆனால் கதை சுருங்கிவிடும், நாளைக்கு இன்னும் சுருங்கும். பேச்சு வராத கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில், குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த அம்மாக்களைச் சில நிமிடம் மட்டும் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சத்தம் எழுப்புகிறது. எதற்கும் பதில் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. அந்த அம்மாக்கள் எங்கேயும் போகவில்லை, எதிரேதான் இருந்தார்கள்.

காலில் புண்ணோடு இருந்த அந்த அம்மாவை டிஸ்சார்ஜ் செய்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை வைக்க ஒரு வழி இருக்கிறது. அகலமான மண்சட்டியில் மணலைப் பரப்பி நனைத்து, நடுவே சின்ன மண்கலயத்தை வைக்க வேண்டும். மருந்துக் குப்பியை ஒரு உறையில் போட்டுக் கலயத்துக்குள் வைத்து மூடி, நிழலில் வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். அதே மாணவி ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் உம் கொட்டினார். முடிந்ததும் மாணவி எழுந்தாள்.

இரு, உம் கொட்டியதால் புரிந்துவிட்டது என்று நினைக்காதே, உன் மனம் கோணக்கூடாது என்றுகூடக் கொட்டியிருக்கலாம், திருப்பிச் சொல்லச் சொல் என்றேன். மாணவி மறுபடி உட்கார்ந்தாள். அந்த அம்மா கட்டிலில் இருந்த எவர்சில்வர் தட்டைச் சட்டி என்றும், டம்ளரைக் கலயம் என்றும் வைத்துக்கொண்டு, கற்பனையாக மணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, குப்பியை உறையில் சுற்றி உள்ளே வைத்து, கையால் மூடிக் காட்டினார். இந்த முறை உம் கொட்டியது மாணவி.